விலைவாசியின் கதை – 17: கூடை அதே, ஊர் வேறு

1998 வெங்காயத்தோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். தில்லியிலும் ராஜஸ்தானிலும் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு வெங்காயம் இறங்கியது. அதன் பிறகு சில ஆண்டுகள் விலைவாசி அரைத்தூக்கத்தில் கிடந்தது. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது விழித்துக்கொண்டது. அந்த ஆண்டின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் தொடங்க நினைப்பது அதற்கு அடுத்த ஆண்டில்.

2009 ஜூன். பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது, மைனஸ் 1.61 சதவீதம் என்று நாளிதழ்களில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. அதே மாதம் துவரம் பருப்பு கிலோ நூறு ரூபாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பருவமழை பொய்க்கத் தொடங்கியிருந்தது. பேப்பரைப் படித்துவிட்டு மளிகைக் கடைக்குப் போனவர்கள், ஒன்று பேப்பர் பொய், அல்லது கடைக்காரர் கொள்ளைக்காரர் என்று முடிவுகட்டினார்கள். இரண்டுமே தப்பு.

அப்போது அரசும் ரிசர்வ் வங்கியும் பணவீக்கம் என்று சொன்னது மொத்த விலைக் குறியீட்டு எண்ணை. ஆலை வாசலிலும் மண்டியிலும் உள்ள விலை அது. இரும்பு, சிமென்ட், டீசல், ரசாயனம் எல்லாம் அதற்குள் உண்டு. வீட்டு வாடகை கிடையாது, டாக்டர் ஃபீஸ் கிடையாது, பள்ளிக் கட்டணம் கிடையாது, பஸ் டிக்கெட் கிடையாது. முந்தைய ஆண்டு எகிறியிருந்த எண்ணெயும் இரும்பும் உலக நெருக்கடியில் தொப்பென்று விழுந்ததால் அந்த எண் மைனஸ் காட்டியது. அதே நேரத்தில், தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சில்லறைச் செலவைக் கணக்கிடும் குறியீட்டு எண் ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. 2010 ஜனவரியில் அது 16.22 சதவீதத்தைத் தொட்டது. ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு தராசில் விலை இறங்குகிறது, இன்னொரு தராசில் கொதிக்கிறது.

இந்த இரண்டாவது தராசு எங்கிருந்து வந்தது என்பதை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே பார்த்தோம். சிம்லாவில் 1946இல் அமைந்த தொழிலாளர் பணியகம் ஆலைத் தொழிலாளிக்கு ஒன்று, விவசாயக் கூலிக்கு ஒன்று, கிராமப்புறத் தொழிலாளிக்கு ஒன்று எனக் கணக்குப் போட்டது. நகரத்துக் குமாஸ்தாக்களுக்கு வேறோர் எண் இருந்தது. நாலு பேருக்கு நாலு எண். நாட்டுக்கு ஒரே எண் என்று ஒன்று இல்லை. இருந்தவை பெரும்பாலும் பஞ்சப்படிக்காகப் பிறந்தவை. அரசாங்கத் தமிழில் அதற்கு இன்று அகவிலைப்படி என்று பெயர். ஆனால் பெரம்பூர் பட்டறையிலும் ஆவடியிலும் வேலை பார்த்த தலைமுறை பஞ்சப்படி என்றுதான் சொல்லும். பஞ்சம் போய்விட்டது, படி மட்டும் நின்றுவிட்டது. சொல்லுக்குள் அந்தக் காலம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நாட்டுக்கென ஒரு சில்லறை விலைக் குறியீட்டு எண் 2011இல்தான் வரத் தொடங்கியது. ஊரகத்துக்கு ஒன்று, நகர்ப்புறத்துக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒன்று. பிறகு 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்து 2015இல் திருத்தினார்கள். மாதாமாதம் 12ஆம் தேதி வெளியாவது இந்த எண்தான். அப்போது 1,181 கிராமங்கள், 310 நகரங்களில் 1,114 சந்தைகள். நகரங்களில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகத்து ஆட்கள் கடை கடையாக ஏறி விலை கேட்டார்கள். கிராமங்களில் முதல் சில ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? தபால் துறை. கடிதம் கொண்டுவந்த அதே துறை, கடலைப் பருப்பு என்ன விலை என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். பொருளாதாரம் என்ற பெரிய பெயருக்கு அடியில் இப்படி யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைவாசலில் நிற்பார்.

கூடைக்குள் என்ன வைப்பது, எதற்கு எவ்வளவு எடை? அதற்கு 2011 ஜூலை முதல் 2012 ஜூன் வரை நடந்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார்கள். 299 பொருள்கள். மொத்த எடை நூறு என்றால் உணவும் பானமும் 45.86. நகர்ப்புறத்துக்கு மட்டும் பார்த்தால் 36.29, ஊரகத்துக்கு 54.18. நகரத்துக் கூடையில் வீட்டு வாடகைக்கு 21.67. ஊரகத்துக் கூடையில் வாடகை என்று ஒரு வரியே கிடையாது. கிராமத்தில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்ற நினைப்பு. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொன்று. இந்தக் கூடையில் ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, ரூபாய்க்கு ஒரு ஓட்டு. மாதம் லட்ச ரூபாய் செலவழிக்கும் வீட்டின் செலவுப் பழக்கம், பத்தாயிரம் செலவழிக்கும் வீட்டினுடையதைப் போலப் பத்து மடங்கு எடையோடு உள்ளே போகும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், இந்தியாவின் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் பணவீக்கம் 4 சதவீதம் என்று கேட்கும்போது, அந்த 4 யாருடைய 4 என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தக் கணக்கெடுப்பு தொடங்குவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2011 ஜூன் 1 அன்று, தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசமானது. 1967இல் ரூபாய்க்குப் படி அரிசி என்று தொடங்கிய கதை 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய் என்று இறங்கி அன்று பூஜ்யத்தில் வந்து நின்றது. குறியீட்டு எண்ணுக்கோ கையிலிருந்து காசு இறங்கினால்தான் கணக்கு. இலவசமாக வந்தது கூடைக்குள் வராது. தமிழ்நாட்டின் ஏழை வீட்டில் தினமும் உலையில் கொதிப்பது, தேசத்தின் கூடையில் கண்ணுக்குத் தெரியாத பண்டமாகிவிட்டது. 2007 முதல் நடக்கும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் 2015 அக்டோபரில் துவரம் பருப்பு 200 ரூபாயை நெருங்கியபோதும் ரேஷனில் அதே 30தான். கிடைத்த மாதத்தில் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

2013இல் தேசத்தின் எண்ணும் தமிழ்நாட்டின் தட்டும் எவ்வளவு விலகிவிட்டன என்பது நன்றாகவே தெரிந்தது. அந்த பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 11 சதவீதத்தைத் தாண்டியது. ரூபாயின் மதிப்பு ஆகஸ்டில் சரிந்து, டாலருக்கு 68ஐத் தொட்டிருந்தது. தில்லியும் மும்பையும் வட்டி விகிதத்தைப் பற்றித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, சென்னை மாநகராட்சி மாவு அரைத்துக்கொண்டிருந்தது. பொருளாதார நிபுணர்களில் பலர் இதைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் யாரும் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

2013 செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். உர்ஜித் படேல் தலைமையில் அவர் அமைத்த குழு 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. மொத்த விலை எண்ணை விட்டுவிட்டுச் சில்லறை விலை எண்ணைப் பிடியுங்கள், 4 சதவீதத்தைக் குறியாக வையுங்கள், மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு விட்டுக்கொடுங்கள். 2015 பிப்ரவரியில் அரசும் வங்கியும் ஒப்பந்தம் போட்டன. 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகஸ்ட் 5 அன்று 4 சதவீதம் அரசிதழில் ஏறியது. அக்டோபரில் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு முதல் முறையாகக் கூடியது. மூன்று காலாண்டு தொடர்ந்து 6க்கு மேலோ 2க்குக் கீழோ போனால் வங்கி அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். இந்திய விலைவாசி வரலாற்றில் இது பெரிய திருப்பம்தான், சந்தேகமில்லை. 1974இல் பஞ்சப்படி உயர்வில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைத்து விலையை அடக்கிய நாடு, இப்போது ஓர் எண்ணுக்குச் சட்டப்படி பதில் சொல்லச் சம்மதித்தது.

ராஜனிடம் 2016 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு மாணவர் தோசையைப் பற்றிக் கேட்டார். பணவீக்கம் ஏறினால் தோசை விலை ஏறுகிறது, இறங்கினால் ஏன் இறங்குவதில்லை என்பது கேள்வி. பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைகிறது என்றுதான் அர்த்தம், விலை இறங்குகிறது என்று அல்ல என்ற பாடத்தை அவர் சொன்னார். கூடவே தோசைக்கல்லையும் குற்றம் சாட்டினார். அன்றும் இன்றும் மாவை ஊற்றித் தேய்த்து எடுப்பவர் ஒருவர்தான், அந்தத் தொழில்நுட்பம் மாறவில்லை, ஆனால் அவருடைய கூலி ஏறிக்கொண்டே போகிறது. பதில் சரி. கூலி ஏறுகிறது என்ற பகுதியை மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அதற்கு நாம் கொச்சியைவிட்டுச் சென்னைப் புறநகரான பெரும்பாக்கம் வர வேண்டும்.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகும் சாலையில் வலமும் இடமுமாக இரண்டு காலங்கள் நிற்கின்றன. ஒரு பக்கம் பெரும்பாக்கம் ஏரி, கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நெல் விளைந்த ஊர் இது. இதே சாலையில் 2022 ஜனவரியில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள் நெல்லுக்கு ஈடாக உப்பை விற்ற காட்சிகள் சங்கப் பாட்டில் உண்டு. அதை ஆராய்வோர் மாடியில் நின்று பார்த்தால், தமிழ்நாட்டின் மிகப் பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒன்று தெரியும். எட்டு எட்டு மாடியாகப் பிளாக் பிளாக்காக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். நாடு முழுக்க நடந்த ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் காசில் குடிசை மாற்று வாரியம் கட்டியது. 2021இல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இந்த உயரமும் நெரிசலும் எல்லாம் நிர்வாகக் கணக்கில் இன்னும் கிராம ஊராட்சிதான்.

இங்கு வந்தவர்கள் தானாக வந்தவர்கள் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் எல்லோருக்கும் ஒரு நினைவு. பால் பாக்கெட்டை நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய வாரம் அது. ஆனால் அடையாற்றங்கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்தவர்களுக்கு அது வாரக் கணக்கில் முடியவில்லை. ஆற்றோரம் ஆபத்து, ஆக்கிரமிப்பு என்று சொல்லி, தொடர்ந்து வந்த மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். 2016 ஆகஸ்டில் தில்லியில் 4 சதவீதம் அரசிதழில் ஏறுவதற்கு முன்னும் பின்னும் இங்கே மூட்டை முடிச்சுகள் மாடி ஏறிக்கொண்டிருந்தன. இந்தியா பணவீக்கத்தை வென்ற ஆண்டுகளும் பெரும்பாக்கம் நிரம்பிய ஆண்டுகளும் ஒன்றுதான். விலைவாசி வரலாற்றை எழுத உட்கார்ந்த எனக்கு இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்காமல் இருக்க முடியவில்லை.

குறியீட்டு எண் எதை அளக்கிறது? அதே கடையில், அதே பண்டம், சென்ற ஆண்டு என்ன விலை, இந்த ஆண்டு என்ன விலை. கூடை மாறக் கூடாது, சந்தை மாறக் கூடாது. அப்போதுதான் விலையை மட்டும் பிரித்தெடுக்க முடியும். நல்ல விதி. சிந்தாதிரிப்பேட்டைக் கடையில் தேங்காய் விலை ஏறவில்லை, பெரும்பாக்கத்துக் கடையிலும் ஏறவில்லை என்றால் பணவீக்கம் பூஜ்யம். சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால்? எந்தக் கடையிலும் எந்த விலையும் ஏறவில்லை. ஆனால் வீட்டுச் செலவு ஏறிவிட்டது.

எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பழைய இடத்தில் பாத்திரம் தேய்க்கும் வீடுகள் நடை தூரத்தில். இங்கிருந்து அந்த வீடுகளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். பலர் வேலையை விட்டார்கள். விடாதவர்கள் விடியுமுன் பஸ் பிடித்தார்கள். கொத்தவால்சாவடி, சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தை, பாரிமுனை என்று சந்தைக்குப் பக்கத்தில் வாழ்வதன் லாபம் என்ன தெரியுமா? சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் மிஞ்சியதைப் பாதி விலைக்கு வாங்கலாம். அந்தப் பாதி விலை எந்தக் குறியீட்டிலும் இல்லை. அதை இழந்ததும் இல்லை. இங்கே குடிதண்ணீருக்குக் கேன். மெயின் ரோட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ. லிஃப்ட் நின்ற நாளில் ஏழாவது மாடிக்கு ஒரு மூட்டை அரிசி ஏற்றக் கூலி, அல்லது முதுகுவலி. நாலு வீடு தள்ளி இருந்த தெரிந்த மளிகைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்த கடன் போய்விட்டது. புது ஊரில் கடன் வாங்க வட்டிக்காரர்தான். கூடை அதே. அது வந்து இறங்கிய இடம்தான் வேறு.

பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இதைப் பணவீக்கம் என்று சொல்ல மாட்டார்கள். சரிதான், இது பணவீக்கம் அல்ல. வாழ்க்கைச் செலவு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு காலத்தில் நம் ஊரில் குறியீட்டு எண்ணையே வாழ்க்கைச் செலவுக் குறியீட்டு எண் என்றுதான் அழைத்தோம். பிறகு அந்தப் பெயரை மாற்றி நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் என்று வைத்தார்கள். இந்த எண்ணால் வாழ்க்கைச் செலவை அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட நேர்மை அது. பெயர் மாறியதை நாம்தான் கவனிக்கவில்லை.

இங்கிருந்து கதை வேகமாகப் போகும். 2017 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படி உயர்ந்தது. அரசுக் குடியிருப்புகளுக்கு வாடகையை அந்தப் படியை வைத்துக் கணக்கிட்டதால், கையில் ஒரு ரூபாய் வாடகை யாரும் கூட்டித் தராமலே தேசத்தின் வாடகைக் குறியீடு ஏறியது. இதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள் என்று ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியிருந்தது. 2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஏறியது. 2011 நவம்பருக்குப் பிறகு முதல் முறை. சென்னை சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சம் 3 ரூபாய் 5 ஆனது. கல்லூரி வாசல்களில் போராட்டம் நடந்ததும் மாதம் முடிவதற்குள் 4க்கு இறக்கினார்கள். தேசியக் கூடையில் இது கடுகளவு. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நுங்கம்பாக்கம் போய்வரும் வீட்டு வேலைக்காரருக்கு, மாதக் கடைசியில் ஒரு வாரக் காய்கறி.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தக் குடியிருப்பின் பொருளாதாரத்தில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த மிகப் பெரிய விலை மாற்றம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு எத்தனை முறை வட்டியைக் குறைத்திருந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது. தூரத்தின் விலையைப் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பூஜ்யம் ஆக்கினார்கள். பஸ் வருகிறதா, வந்தால் நிற்கிறதா என்ற சண்டை தனி.

2022இல் உக்ரைன் போர். சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பாடு. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மூன்றரை வாரம் கழித்துத்தான் விட்டது. அந்த ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம், எட்டாண்டுகளில் அதிகம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் 6க்கு மேல். சட்டப்படி எழுத வேண்டிய கடிதத்தை நவம்பரில் ரிசர்வ் வங்கி எழுதியது. தமிழ்நாட்டு இ.ஆ.ப. அதிகாரியாக இருந்து ஆளுநரான சக்திகாந்த தாஸ் காலத்தில் நடந்தது இது. கடிதம் வெளியிடப்படவில்லை. யாருடைய பாக்கெட்டுக்காக அந்தச் சட்டமோ, அவர்கள் படிக்கக் கடிதம் இல்லை.

2023 ஜூலையில் தக்காளி. 7.44 சதவீதம். சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை, அந்த மாதம் எல்லார் வீட்டிலும் புளி ரசம்தான்.

பிறகு 2025. மழை நன்றாகப் பெய்தது. காய்கறி விலை விழுந்தது. செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தன. அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம். இந்த வரிசை தொடங்கியதிலிருந்து இவ்வளவு கீழே போனதில்லை. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் மைனஸ் 5.02. 2009 ஜூனின் மைனஸ் போன்றதல்ல இது. இந்த முறை உணவின் சில்லறை விலையே இறங்கியிருந்தது. டிசம்பருக்குள் ரெப்போ வட்டி 5.25 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அது 6.50.

அந்த 0.25 வந்த நவம்பரில் ஒருநாள் காலை பெரும்பாக்கம் குடியிருப்புக்குள், ஒரு பிளாக்கின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மாவிடம் சும்மா வாயைக் கொடுத்தேன்.

“என்னக்கா, வெலவாசி கொறைஞ்சிடுச்சாமே, பேப்பர்ல போட்டிருக்கான்.”

“காய் கொறைஞ்சுது சார், நான் இல்லன்னு சொல்லல. கேஸ்காரன் கொறைச்சானா? மாவு மிஷின்காரன் கொறைச்சானா? எம் புள்ள ஸ்கூல்ல கொறைச்சாங்களா?”

“அப்ப வடை வெல ஏத்திட்டீங்களா?”

“ஏத்தலயே.” எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கரண்டியில் வைத்துக் காட்டினார். “பாருங்க. வெல அதேதான்.”

வடை இளைத்திருந்தது.

அவர் சொன்னதில் ஒரு பொருளாதாரப் பிழையும் இல்லை. 2012இல் 100 ரூபாய்க்கு வாங்கிய தேசியக் கூடை 2025 கடைசியில் 200ஐ நெருங்கி நின்றது. ஏறிய மாடியிலிருந்து யாரும் இறங்கவில்லை, அடுத்த மாடிக்கு ஏறாமல் ஓர் ஆண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அரசு ஊழியருக்கு ஏறியதற்கு ஈடு உண்டு. 2016 ஜனவரியில் பூஜ்யத்தில் தொடங்கிய அகவிலைப்படி, கொரோனாவில் ஒன்றரை ஆண்டு முடக்கி வைத்த பிறகும், 2025 ஜூலையில் 58 சதவீதத்துக்கு வந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலியிலும் பஞ்சப்படி இருக்கிறது. தமிழ்நாட்டில் அது சென்னையின் விலைக் குறியீட்டு எண்ணோடு கட்டப்பட்டது. காகிதத்தில் அந்தக் கயிறு பெரும்பாக்கம்வரை நீள்கிறது. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் ஒப்பந்தக்காரர் மூலம் தரை துடைப்பவர் கையில் அந்தக் கயிற்றின் நுனி சிக்குவது அபூர்வம். வடை சுடுபவருக்குப் பஞ்சப்படியை யாரும் தர முடியாது. அவர் வடையிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறார்.

கூடையை இப்போது மாற்றிவிட்டார்கள். 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து, 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய வரிசை 2026 பிப்ரவரியில் வந்தது. டேப் ரெக்கார்டர் போன்ற பழையவை வெளியே போயின. உணவின் எடை 46இலிருந்து சுமார் 37க்கு இறங்கியது. இனித் தக்காளி ஏறினால் தேசிய எண் முன்பு போல் துள்ளாது. தக்காளியே சாப்பாடாக உள்ள வீட்டில் துள்ளும். முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த வரி நினைவிருக்கிறதா? ஊரகக் கூடையிலும் இப்போது வீட்டு வாடகை வந்துவிட்டது.

எட்டு மாடி உயரத்துக் கிராமத்துக்கு ஏற்ற திருத்தம் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தோன்றியது. வாரியம் ஒதுக்கிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் ஒதுக்கீடு ரத்து. ஆனால் பழைய வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டி, இங்குள்ள வீட்டை ஒருவருக்கு விட்டுவிட்டுச் சைதாப்பேட்டையில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லாப் பிளாக்கிலும் உண்டு. கணக்கெடுப்பவர் ஒருநாள் நோட்டோ டேப்லெட்டோ எடுத்துக்கொண்டு படியேறி, கதவைத் தட்டி, வாடகை எவ்வளவு என்று கேட்பார்.

“வாடகையா? சொந்த வீடு சார்.”

(தொடரும்)